மூச்சு எண்ணப் போன ஐந்து நாள்

தருமபுரி மாவட்டம் அரூரிலிருந்து திரும்பி இரண்டு நாள் ஆகிறது. தொண்டை இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. இன்று போகி, வீட்டில் எல்லோரும் பழைய பாயைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து, அங்கே இரவுகளில் கிறுக்கி வைத்ததை நாள்வாரியாக எழுதிப் போடுகிறேன். ஓர் ஊரின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அங்கே பார்த்த ஒரு குழந்தையின் வீடு யாருக்கும் தெரிய வேண்டாம்.

எனக்குப் படம் வரைகிற தொழில். மலை ஊர்த் தாய்மார்களுக்குக் குழந்தை நிமோனியாவைப் பற்றிச் சொல்ல ஒரு படப்புத்தகம் வேண்டும் என்று சின்னத் தொண்டு அமைப்பு ஒன்று கேட்டது. சென்னையில் உட்கார்ந்தபடியே 12 படம் வரைந்து அனுப்பினேன். "ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போங்க" என்று பதில் வந்தது. பாராட்டக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

2025 ஜனவரி 6, திங்கள். அரூர்

விடியற்காலை நாலரைக்குப் பஸ் இறக்கிவிட்டது. நான் திருவாரூர்க்காரி. மார்கழிப் பனி என்றால் கோலமாவு நனைகிற அளவுக்குத்தான் தெரியும். இங்கே பல் தந்தியடித்தது. 12 ரூபாய் டீ இரண்டு குடித்தும் விரல் மடங்கவில்லை. டீக்கடைக்காரர் என் துப்பட்டாவைப் பார்த்துவிட்டு, "மலைக்குங்களா? குல்லா வாங்கிக்குங்க. ஆறு மணிக்கு வண்டிக்காரன் வருவான், 80 சொல்லுவான், 50க்குக் குடுப்பான்" என்றார். வண்டிக்காரன் வந்தான், 80 சொன்னான், 50க்குக் கொடுத்தான். விடுதியில் சுடுதண்ணீர் வாளி 30 ரூபாய். குல்லாவில் முப்பது ரூபாய் பேரம் பேசி வென்ற தெம்பில் அதற்கு வாயைத் திறக்காமல் கொடுத்தேன்.

அக்காவைப் பத்து மணிக்குப் பார்த்தேன். 34 வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது பயிற்சி கொடுக்கிறார். பேர் சொல்லிக் கூப்பிட இந்தப் பக்கம் ஆளே இல்லை. பாதிப் பேருக்கு நர்சம்மா, மீதிப் பேருக்கு அக்கா. என் படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். நாலாவது படத்தில் கை நின்றது. தாய் மடியில் குழந்தை, தாயின் பார்வை கைக்கடிகாரத்தில்.

"கொழந்த ரொம்ப லட்சணமா இருக்குது கண்ணு. சட்டை எதுக்கு?"

எனக்குப் புரியவில்லை.

"சட்டையத் தூக்காம எதைப் பாத்து எண்ணுவ? நெஞ்சும் வயிறும் ஏறி எறங்குறது கண்ணுக்குத் தெரியணுமில்ல?"

அடுத்த படத்தில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதுவும் போச்சு. அழுகிற குழந்தைக்கு எண்ணக் கூடாது. தூங்கும்போதோ சும்மா இருக்கும்போதோ எண்ண வேண்டும். எட்டாவது படத்தில் ஸ்டெதாஸ்கோப். "இது எந்த ஊட்டுல இருக்குது?" என்று கேட்டுவிட்டு அதையும் ஓரமாக வைத்தார். 12இல் தேறியது மூன்று.

அப்புறம்தான் பாடம். குழந்தைக்கு இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். 2 மாதம் முடிந்து ஒரு வயது ஆகாத குழந்தைக்கு 50, ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டாலே மூச்சு வேகம். நிமோனியா என்று எடுத்துக்கொண்டு மருந்தைத் தொடங்க வேண்டியதுதான். 2 மாதம் ஆகாத பச்சைக் குழந்தைக்கு 60. அந்த வயதில் வேகம் தெரிந்தால் வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை, நேரே ஆஸ்பத்திரி.

"எக்ஸ்ரே எடுக்க வேண்டாமாக்கா?"

"மலையில எக்ஸ்ரேவுக்கு எங்க போவ? அங்க நம்ம கையில இருக்குறது ஒரு நிமிஷந்தான்."

மதியம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீட்டுக் கடையில் ராகி களியும் கொள்ளுக் குழம்பும். நான் சோறு மாதிரி மென்றுகொண்டிருந்தேன். பரிமாறிய அம்மா சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பல்லுல படாம முழுங்கணும் கண்ணு, மென்னா மாவா ஒட்டிக்கும்" என்றார். ஏற்கெனவே ஒட்டியிருந்தது. 50 ரூபாய்க்கு இரவு வரை பசிக்கவில்லை.

ஜனவரி 7, செவ்வாய். அரூர்

பயிற்சிக்கு 16 பெண்கள் வந்திருந்தார்கள். மலை ஊர்களில் வேலை பார்க்கும் ஆஷா என்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள், இரண்டு அங்கன்வாடி டீச்சர்கள், தோளில் பெரிய பையோடு ஓர் இளைய கிராமச் செவிலியர். மூன்று மணிக்கே எழுந்து களி கிண்டி வைத்துவிட்டு வந்தவர்களும் இருந்தார்கள். நான் எட்டு மணிக்கு எழுந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா கரும்பலகையில் 'நிமோனியா' என்று எழுதினார். யாரும் அசையவில்லை. "இதுக்கு ஊர்ல என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டதும் கூடம் கலகலத்தது. மார்ச்சளி. நெஞ்சு கட்டிக்கிச்சு. இளைப்பு. கணை. பின்வரிசையில் ஓர் அம்மா, "வெலா வாங்குது" என்றார்.

அக்கா அந்த அம்மாவை முன்னால் வரச் சொன்னார். "எப்படி வாங்கும், காட்டு."

மூச்சை இழுக்கும்போது கீழ் விலா உள்ளே குழிவதைத் தன் கையாலேயே காட்டினார். எனக்குக் கொடுத்திருந்த குறிப்பில் 'மார்புக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்ளிழுக்கப்படுதல்' என்று இருந்தது. நான் கழுத்துக்குக் கீழே அம்புக்குறி போட்டு வைத்திருந்தேன். எல்லாக் குழந்தைக்கும் மூச்சு இழுக்கும்போது மார்பு விரியத்தான் வேண்டும். விரியாமல் கீழ் விலா உள்வாங்கினால் நுரையீரல் இறுகிப்போய்ச் சிரமப்படுகிறது என்று அர்த்தம். இரண்டே சொல்லில் அந்த அம்மா முடித்துவிட்டார். என் புத்தகத்தில் இனி 'விலா வாங்குது'தான்.

அப்புறம் தேர்வு. கைபேசியில் ஒரு குழந்தையின் வீடியோ; ஒரு நிமிடம் பார்த்து எண்ண வேண்டும். மற்றவர்களின் விடைகள் 38இல் தொடங்கி 61 வரை போயின. சரியான விடை 54. என்னுடையது 64. நான் புத்திசாலித்தனமாக 15 நொடி எண்ணி நாலால் பெருக்கியிருந்தேன்.

"கொழந்த மூச்சு பஸ்ஸு மாதிரி. கொஞ்ச தூரம் ஓடும், நிக்கும், மறுபடி ஓடும்" என்றார் அக்கா. "ஓடுறப்ப மட்டும் எண்ணுனா கணக்கு தப்பாதா?"

நிமிடம் முடிந்தால் கூவுகிற சின்னக் கருவி ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். பேட்டரி செத்திருந்தது. அரூர்க் கடைத்தெரு முழுக்க அலைந்தும் அந்த அளவு கிடைக்கவில்லை (எனக்கு அது சாக்கு, வழியில் இரண்டு சீத்தாப்பழம் வாங்கித் தின்றேன், பருவம் முடிந்த பழம், ருசி இல்லை). திரும்பி வந்தால் அக்கா தன் பையிலிருந்து மணிச்சரங்களை எடுத்துப் போட்டிருக்கிறார். அவரே கோத்தது. 49 வெள்ளை மணி, ஐம்பதாவது சிவப்பு. மூச்சுக்கு ஒரு மணி தள்ள வேண்டும்; நிமிடம் முடிவதற்குள் சிவப்பு விரலில் பட்டால் வேகம். ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 39 வெள்ளையோடு வேறு சரம்.

இந்த யோசனை தன்னுடையதில்லை என்றார். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதி எண்பதுகளின் கடைசியில் செய்து பார்த்தது. ஊர்ப் பெண்களோடு எழுத்தறியாத மருத்துவச்சிகளையும் மூச்சு எண்ணவும் மருந்து கொடுக்கவும் பழக்கினார்கள். பெரிய எண் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிட மணல் கடிகாரமும் மணிகளும் சேர்ந்த கருவி. 1990இல் லான்செட் மருத்துவ இதழில் கணக்கு வெளிவந்தது: இப்படி மருந்து பெற்ற நிமோனியாக் குழந்தைகளில் இறந்தது நூற்றுக்கு 0.8. திட்டம் எட்டாத ஊர்களில் 13.5.

விலா வாங்குது அம்மா சரத்தை எடுத்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். திருப்பிக் கொடுக்கவே இல்லை.

ஜனவரி 8, புதன். சித்தேரி மலைப்பக்கம்

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் கிழித்துக் கொடுத்த காசில்லா டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன், ஏனென்று தெரியவில்லை. அப்புறம் பகிர்வு ஜீப், ஆளுக்கு 60 ரூபாய். பத்துப் பேர், ஒரு மூட்டை யூரியா, இரண்டு கோழி. கோழி ஒன்று வழி முழுக்க என் செருப்பைக் கொத்தியது.

மலைப்பாதையில் அங்கங்கே ஓரம் அரித்துக் கிடந்தது. ஃபெஞ்சல் புயல் போன டிசம்பர் தொடக்கத்தில் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. ஜீப் நின்ற இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் நடை. ஓடை தாண்டும்போது வழுக்கி உட்கார்ந்தேன். படச்சுருள் தப்பியது, நான் இடுப்புவரை சேறு. இளைய செவிலியர் அவ்வளவு பெரிய பையோடு கல்லுக்குக் கல் தாவிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வீட்டில் ஏழு மாதக் கைப்பிள்ளை. மூன்று நாளாய் இருமல், காய்ச்சல். வீட்டுக்குள் விறகடுப்பு, புகையில் எனக்கே கண் எரிந்தது. மூலையில் கேஸ் சிலிண்டர் பூப்போட்ட துணி போர்த்தி, கல்யாணப் பெண் மாதிரி நின்றது. ஒரு தடவை நிரப்ப 800 ரூபாய்க்கு மேல், அதுவும் சாலை வரை போய்ச் சுமந்து வர வேண்டும். விருந்தாளி வந்தால் மட்டும் பற்றவைப்பார்களாம்.

பாட்டிதான் வீட்டின் தலைமை. "சளிதான், தேன் குடுத்திருக்கேன், தைலம் போட்டிருக்கேன், போயிடும்" என்றார். ஒரு வயசுக்குள்ளே தேன் வேண்டாம் ஆயா என்றார் இளைய செவிலியர். பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் சேற்றுப் பாவாடையைப் பார்த்துத்தான் கொஞ்சம் சிரித்தார்.

தாய் பால் கொடுத்தார். குழந்தை நடுநடுவே விட்டு இளைத்து இளைத்துக் குடித்தது, ஆனால் குடித்தது. அது கண்ணயர்ந்ததும் சட்டையை மெல்லத் தூக்கிவிட்டார்கள். அக்கா கைபேசியில் நேரம் பார்க்க, செவிலியர் மணி தள்ளினார். பேச்சு நின்றுவிட்டது. வெளியே ஆட்டுக்குட்டி கத்துவது மட்டும் கேட்டது. நானும் மனசுக்குள் எண்ணினேன். ஒரு நிமிடம் இவ்வளவு நீளம் என்று எனக்கு முன்னால் தெரியாது. சிவப்பு மணியைத் தாண்டி விரல் போய்விட்டது. 56. மறுபடி எண்ணினார்கள். 57.

கதவைத் திறந்து வெளிச்சத்தில் விலாவைப் பார்த்தார்கள். வாங்கவில்லை. பிறகு தாயிடம் கேள்விகள், பூஜை மந்திரம் மாதிரி வரிசை மாறாமல்: குடிச்சதையெல்லாம் கக்குதா? வலிப்பு வந்துச்சா? எழுப்பினா முழிக்குதா? பால் குடிக்க முடியுதா? இவற்றில் ஒன்று தப்பினாலும் உடனே ஆஸ்பத்திரி. ஒன்றும் தப்பவில்லை. துணித் தராசில் தொங்கவிட்டால் 6 கிலோ 800.

அக்கா என்னிடம் மெதுவாக விரல் மடக்கினார். இந்த நேரத்தில் தனி ஜீப் 600. கீழே சாப்பாடு, டீ. அப்பனுக்கும் அம்மாவுக்கும் ஒரு நாள் கூலி போச்சு. "ஆயிரத்து ஐந்நூறு ஆவுது. அதனால நாளைக்குப் பாப்போம்னு இருப்பாங்க. நாளைக்கு வெலா வாங்கும். அதுக்கு மறுநா, வாங்கறதுகூட நின்னுடும்." நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

மருந்து பையிலேயே இருந்தது. அமாக்ஸிசிலின் 250 மில்லிகிராம், தண்ணீரில் கரைகிற மாத்திரை. இந்த எடைக்குக் காலை ஒன்று, இரவு ஒன்று, 5 நாள், மொத்தம் 10. பாட்டி குறுக்கே வந்தார். "ஊசி போடாம மாத்திரையில இது போவாது. கீழ ஒருத்தர் ஊசி போடுவாரு."

அக்கா அலமாரியைக் காட்டினார். பாட்டியின் பிரஷர் மாத்திரை அட்டை அங்கே இருந்தது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருவது. அந்தத் திட்டத்தை 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். "ஒனக்கு மாத்திர தேடி வருதே, ஊசி கேட்டியா? முழுங்குறல்ல? ஒம் பேரனுக்கும் தேடித்தான் வந்திருக்கோம்."

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தானே ஸ்பூனைக் கழுவிக்கொண்டு வந்தார். முதல் மாத்திரை தாய்ப்பாலில் கரைந்து உள்ளே போனது. கக்கினால் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பதற்காக அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அதற்குள் தடுப்பூசி அட்டையைப் பார்த்தார்கள். நிமோனியாவுக்கான பிசிவி ஊசி தமிழ்நாட்டில் 2021 ஜூலையிலிருந்து அரசே இலவசமாகப் போடுகிறது: 6 வாரம், 14 வாரம், 9 மாதம். இந்தக் குழந்தைக்கு நடு ஊசி இல்லை. அப்போது தாய் குடகில் காபித் தோட்ட வேலையில் இருந்திருக்கிறார்.

இரவு விடுதியில் தூக்கம் வரவில்லை. குழந்தையை அங்கேயே விட்டுவிட்டு வந்தது சரிதானா? போர்வைக்குள் கைபேசியை வைத்துத் தேடினேன். பாகிஸ்தானின் ஹரிப்பூர் மாவட்டத்தில் விலா வாங்குகிற குழந்தைகளுக்கே ஊர்ப் பெண் ஊழியர்கள் வீட்டில் வைத்து 5 நாள் அமாக்ஸிசிலின் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2011இல் வந்த முடிவு: மருந்து பலிக்காமல் போனது நூற்றுக்கு 9 பேருக்கு, முதல் வேளை மட்டும் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன ஊர்களில் 18. 2014இல் உலக சுகாதார நிறுவனமும், ஆபத்து அறிகுறி இல்லாவிட்டால் விலா வாங்கினாலும் வாய்வழி மருந்து போதும் என்று மாற்றிக்கொண்டது. படித்து முடித்தும் தூக்கம் வரவில்லை. சரி, ஆராய்ச்சிக்கு 9 என்பது ஓர் எண். எனக்குப் பாட்டி வீட்டுப் புகை மூக்கிலேயே இருந்தது.

ஜனவரி 9, வியாழன். சிட்லிங்கி

இன்று எனக்கு விடுமுறை என்றார் அக்கா. கோட்டப்பட்டி வழியாகச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்குக்குப் பஸ். இரண்டு பக்கமும் காடு, ஜன்னலில் பனி. பக்கத்தில் உட்கார்ந்த அம்மா கேட்காமலேயே பாதி வேர்க்கடலைப் பொட்டலத்தை என் மடியில் கொட்டினார். நன்றி சொன்னதற்கு விநோதமாகப் பார்த்தார்.

1993இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் இங்கே ஒரு கூரைக் குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அப்போது இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை என்று சொல்கிறார்கள். அவர்கள் வெளியூரிலிருந்து நர்சுகளைத் தேடிக்கொண்டிருக்காமல் இங்கத்துப் பழங்குடிப் பெண்களையே செவிலியர்களாகப் பழக்கினார்கள். ஊருக்கு ஒரு பெண்ணைச் சுகாதார ஊழியராக்கினார்கள். இன்று குடிசை இருந்த இடத்தில் ஒரு முழு ஆஸ்பத்திரி. வெளியே மரத்தடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வருகிற போகிற குழந்தைகளை வரைந்தேன். யாரும் 'எதுக்கு?' என்று விரட்டவில்லை. ஒரு பையன் மட்டும், தன் தங்கையின் மூக்கு சரியில்லை என்று அழித்து வரைய வைத்தான். அவன் சொன்னது சரிதான்.

சாமைச் சோறு சாப்பிட்டேன். லம்பாடிப் பெண்கள் தைத்த சின்னப் பை ஒன்று வாங்கினேன். திரும்பும் பஸ்ஸைக் கண்ணெதிரே விட்டேன். அடுத்தது இரண்டரை மணி நேரம் கழித்து. தொண்டை கரகரக்கத் தொடங்கியது இங்கேதான்.

ஜனவரி 10, வெள்ளி. மறுபடி மலை

வைகுண்ட ஏகாதசி. நாலு மணிக்கே அரூர் ஒலிபெருக்கியில் எழுப்பிவிட்டது. மருந்து தொடங்கி இரண்டு நாள் கழித்துக் குழந்தையைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பது விதி. மூச்சு குறையாவிட்டாலோ கூடினாலோ கீழே இறக்கியே ஆக வேண்டும். ஓடையை இந்தத் தடவை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டினேன்.

வீட்டு வாசலில் குழந்தை பாட்டி மடியில் உட்கார்ந்து அவர் மூக்குத்தியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. எண்ணுவதற்கு அது அசையாமல் இருக்க இருபது நிமிடம் காத்திருந்தோம். 42.

"காச்சல் நேத்தே விட்டுடுச்சு. மருந்த நிறுத்திடலாம்னு எம் மருமவ சொன்னா" என்றார் பாட்டி. "நாந்தான் கொட்ட தீரலைன்னேன்."

மாடத்திலிருந்து ஒரு கொட்டாங்கச்சியை எடுத்து நீட்டினார். உள்ளே புளியங்கொட்டைகள். நாங்கள் போன அன்றே பத்து எண்ணிப் போட்டு, ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒன்றை எடுத்துக் கூரை மேல் எறிந்திருக்கிறார். மீதி ஐந்து இருந்தது. செவிலியர் அட்டையைப் பிரித்துப் பார்த்தார், மாத்திரையும் ஐந்து. விட்டுப்போன ஊசிக்குப் புதன்கிழமைத் தேதி ஒன்றை அட்டையில் குறித்துக் கொடுத்தார்.

நான் அந்தக் கொட்டாங்கச்சியை அங்கேயே உட்கார்ந்து வரைந்தேன். அதுதான் இப்போது ஏழாவது படம். முன்பு அந்தப் பக்கத்தில் கட்டம் கட்டமாய் ஒரு நாட்காட்டி போட்டிருந்தேன்.

கிளம்பும்போது பிதுக்குப் பருப்பு ஒரு படி கொடுத்தார் பாட்டி. மொச்சையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்தது. அரூர்ச் சந்தையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வந்திருந்தேன். காசு நீட்டியதற்கு, "கொடுக்கறதுக்கு விலை கேக்கறியே" என்று திட்டு விழுந்தது. சிலிண்டர் அதே துணிக்குள் அப்படியே நின்றது. அடுப்பை மட்டும் வாசல் பக்கம் கொஞ்சம் நகர்த்தியிருந்த மாதிரி எனக்குப் பட்டது. கேட்கவில்லை.

ஜனவரி 11, சனி. சென்னைக்கு

பகல் பஸ். ஊத்தங்கரை தாண்டும்வரை கரும்புக் கட்டு ஏற்றிய வண்டிகள் பின்னாலேயே ஊர்ந்தோம். பக்கத்து இருக்கையில் இளம் தாய், மடியில் ஒரு வயதுக் குழந்தை, நல்ல தூக்கம், மூக்கில் சளி. சட்டை மேலேறி வயிறு தெரிந்தது. என்னையறியாமல் கைபேசியில் நேரத்தைப் பார்த்துவிட்டு எண்ண ஆரம்பித்தேன். இருபத்திரண்டு வரை வந்திருப்பேன். அந்தப் பெண் என்னையும் என் பார்வை போகிற இடத்தையும் பார்த்தாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. துண்டை இழுத்துக் குழந்தையை முழுக்கப் போர்த்தி, அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். செங்கம் நிறுத்தத்தில் இறங்கி, உப்பும் மிளகாயும் சுற்றிப் போட வேண்டும் என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டே போனாள்.